கழிவு போகப் பதினைந்து கிலோ

காளியாயி அக்காவின் இடது தொடைக்குள் கண்ணாடி இருக்கிறது என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தியைப் பரப்பியவள் நான்தான். பரப்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த நாளே பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், காளியாயியின் காலில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாமாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் சொன்ன ஒரு விஷயம் இத்தனை பேரைச் சேர்ந்தது அதுவே முதல் தடவை.

எங்கள் தோட்டம் ராகலைக்கு மேலே இருக்கிறது. என் அப்பா மரியரட்ணம் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நான் நுவரெலியாவில் கன்னியர் பாடசாலையில் தமிழும் ஆங்கிலமுமாகப் படித்துவிட்டு, ஆசிரியை நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று வீட்டில் இருந்தேன். அது எண்பத்தாறாம் ஆண்டு. இரண்டு மொழி தெரிந்தும் இரண்டிலும் வாய் திறக்காத பெண் என்று எனக்குப் பெயர். பேசாதவர்கள் நிறையச் சிந்திப்பார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் திருத்தப் போகவில்லை.

காளியாயி அக்கா பேசாமல் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்து, பெரியவளாகும் முன்பே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர். கணவர் இராமையா நெஞ்சு வருத்தத்தில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. எழுபதுகளில் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனபோது அக்காவையும் கூப்பிட்டார்கள். நானுஓயா ஸ்டேஷன் வரை போய், ரயிலில் ஏற்றியிருந்த தன் மூட்டையை மட்டும் இறக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அங்க போயி யாருகூட சண்ட புடிக்கிறதுங்க? இங்கன்னா கணக்கப்பிள்ளையாவது இருக்காரு" என்றாராம்.

கணக்கப்பிள்ளை றோலண்டுக்கும் அக்காவுக்கும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாள்தோறும் சண்டை. ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கூடைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைத்தான் சொல்வார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. றாத்தல் போய்க் கிலோ வந்தது, வெள்ளைக்காரத் துரை போய் அரசாங்கத் துரை வந்தார், கழிவு மட்டும் போகவில்லை.

இப்படிப்பட்டவர் செங்குத்து மலையில் ஒருநாளும் விழாமல், ஆனி மாதத்து மழையில் பீலிக்கரைப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து வேனில் கண்டிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் முனகியதைவிடப் பேசியதுதான் அதிகம். "மலையில விழுந்தேன்னு சொல்லுங்க ஐயா. பீலியில விழுந்தான்னா சிரிப்பாளுக."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா குடியிருந்த லயக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அவர் பேருக்குக் கிடைத்தது. செக்றோல் என்ற வேலைப் பதிவில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா. நீண்ட நாள் வேலைக்கு வராதவரின் பேரை வெட்டிவிடுவார்கள். அக்கா தனி ஆள், அந்தக் காம்பராவுக்கு இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே காத்திருந்தன. துரை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: தீபாவளி கழிந்து அவர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பேர் வெட்டு. அக்காவுக்கும் அது தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கே, "தீவாளிக்குள்ள நடக்கவைப்பாங்களா பாப்பா?" என்று கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது வெளிநாட்டு டொக்டர் ஒருவர் ஒரு வருடத்துக்கு வந்திருந்தார். எலும்பு வைத்தியர். உலோகத் தண்டின்மேல் ஒருவகைக் கண்ணாடியைப் பூசித் தொடை எலும்புக்குள் வைத்துப் பார்க்கும் புதுமுறையைக் கொண்டு வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, சிங்களம் தெரியாது. வார்டு நேர்ஸ் சிங்களம் மட்டும் பேசினார். எனவே மொழிபெயர்க்க நான் போனேன். முதல் நாள் இரவு அகராதியில் எலும்பு, மூட்டு, உறுப்பு எல்லாவற்றையும் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வார்டு வாசலில் நேர்ஸ் சிங்களத்தில் என்னவோ கேட்டார். நான் விழித்தேன். கட்டிலில் படுத்திருந்த காளியாயி அக்காதான், "நீ நோயாளியா, கூட வந்தவளான்னு கேக்குறாங்க பாப்பா" என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

டொக்டர் பொறுமையானவர். ஒவ்வொரு வசனமாகச் சொல்லி நிறுத்தினார்.

"டொக்டர் தொர என்னா சொல்றாரு?"

"எலும்பு முறிஞ்ச இடத்தில ஒரு உலோகத் தண்டு வைக்கப் போறாராம் அக்கா. அதுக்கு மேல கண்ணாடி பூசியிருக்காம்."

"கண்ணாடியா? வளவிக் கண்ணாடியா?"

"இல்ல, இது வேற கண்ணாடி. உடம்புத் தண்ணி பட்டதும் மேலாகக் கொஞ்சம் கரையுமாம். கரைஞ்ச இடத்தில எலும்பு மாதிரியே ஒரு படை உண்டாகுமாம். நம்ம எலும்பு அதைத் தன்னோட ஆள்னு நினைச்சு வந்து ஒட்டிக்குமாம். வெறும் உலோகம்னா அப்படி ஒட்டாதாம்."

எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் ஒரு உதாரணமும் சொன்னேன். "உங்க வீட்டு எனாமல் கோப்பை இருக்குல்ல? அதிலயும் தகரத்துக்கு மேல கண்ணாடிதான் பூசியிருக்கு."

அக்கா யோசித்தார். "அந்தக் கோப்ப கீழ விழுந்தா ஓரத்துல சில்லு போயிருமே. எந்தூட்டுக் கோப்ப சில்லு போகாம இருக்கு, சொல்லுங்க?"

இதற்கு அகராதியில் பதில் இல்லை. டொக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பல வருடம் மாட்டிக்கொண்டு நின்ற இடமே அதுதானாம். சூடாக்கிப் பூசும்போது உலோகம் ஒரு மாதிரி விரியும், கண்ணாடி வேறு மாதிரி விரியும். ஆறும்போது கண்ணாடி வெடித்துப்போகும். இரண்டும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும்படி கண்ணாடியின் சேர்மானத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம்.

"ரெண்டும் ஒண்ணாவே விரிஞ்சு ஒண்ணாவே சுருங்குமாம் அக்கா."

"புருசன் பொண்டாட்டி மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான்."

"அப்ப சில்லு போகும்" என்றார் அக்கா.

பக்கத்துக் கட்டில்காரிகள் இருவரும் சிரித்தார்கள். என்ன என்று டொக்டர் கேட்டார். நோயாளி திருமண வாழ்க்கையைப் பற்றி ஒரு கருத்துத் தெரிவித்தார் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

புதுமுறை வேண்டாம் என்றால் வழக்கமான தண்டையே வைப்பதாகவும், அதிலும் குறை ஒன்றும் இல்லை என்றும் டொக்டர் சொன்னார். வழக்கமானது சில வருடத்தில் தளரலாம். கண்ணாடி பூசியது எலும்போடு ஒட்டிவிட்டால் நன்றாகப் பிடித்திருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அக்கா ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "எத வச்சா கெட்டியா நிக்கும்?" எதிர்பார்ப்பு கண்ணாடிப் பக்கம் என்றேன். "அப்ப அதையே வைக்கச் சொல்லுங்க."

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு விடும்போது டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம். இரண்டு ஊன்றுகோலோடுதான் நடக்க வேண்டும். இடது காலில் பதினைந்து கிலோவுக்கு மேல் நிறை விழக்கூடாது. கண்ணாடியும் எலும்பும் ஒட்டுகிற காலம் இது. அசைந்தால் ஒட்டாது, இடையில் சவ்வு வளர்ந்து தண்டு ஆடத் தொடங்கும், பிறகு கழற்ற வேண்டியதுதான். பழகிப் பார்க்க, ஏறி நிற்கிற சின்னத் தராசு ஒன்றையும் இரவலாகத் தந்தார்.

"பதினஞ்சு கிலோ அக்கா. விளங்குதா?"

"பதினஞ்சு. நெறையப் பத்தி எனக்கேவா?"

அதோடு என் வேலை முடிந்தது என்று வீட்டுக்குள் போய்விட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் கழிந்து, அப்பாதான் ஒருநாள், "போய்ப் பாத்துட்டு வா, மொழிபெயர்ப்பாளர் அம்மா" என்று விரட்டினார்.

அக்கா காம்பரா வாசலில் தராசை வைத்துக் கால் பழகிக்கொண்டிருந்தார். வலது கால் படியில், இடது கால் தராசில். முகத்தில் பெரிய கவனம். நான் குனிந்து முள்ளைப் பார்த்தேன். இருபத்திரண்டில் நின்றது.

"அக்கா! எவ்வளவுன்னு சொன்னேன்?"

"பதினஞ்சு."

"இது இருபத்திரண்டு!"

"ஆமா. கழிவு போகப் பதினஞ்சு."

அக்கா பொறுமையாக விளக்கினார். காலையில் இரண்டு கழிப்பார்கள், மத்தியானம் இரண்டு, அந்திக்கு மூன்று. ஒருவர் தராசைப் பார்த்துப் பதினைந்து என்று சொன்னால், தட்டில் இருந்தது இருபத்திரண்டு. இதில் என்ன சந்தேகம்?

"டொக்டர் கழிக்கல அக்கா. அவர் சொன்னது சரியான நிறை."

"ஏன், அவரும் தொரதான?"

"அவர் ஏன் கழிக்கணும்?"

"றோலண்டு ஐயா ஏன் கழிக்கிறாரு? சொல்லுங்க பாப்பா. அதுக்குக் காரணம் இருந்தா இதுக்கும் இருக்கும்."

அப்பாவிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடி கழன்று விழும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இரண்டு கிழமையா?" என்று கேட்டார். அதன்பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கூட்டுறவுக் கடையில் ஐந்து கிலோ சீனியை நிறுத்து வாங்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தேன். முள் ஐந்தில் நின்றது. "பாத்தீங்களா? இதுல கழிவு இல்ல" என்றேன். அக்கா பையைத் தூக்கிப் பார்த்தார். "சங்கக் கடையில கொறச்சுத்தான் போடுவான். தராசும் அவன் ஆளுதான் போல" என்றார். நான் படித்த பாடசாலையில் தர்க்கம் என்று ஒரு பாடம் வைத்திருந்தால் எனக்கு உதவியிருக்கும். தையல்தான் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த ஒரே தந்திர யோசனை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "டொக்டர் குறைக்கச் சொல்லிட்டார் அக்கா. இனிமே எட்டு கிலோதான்."

அக்கா சந்தேகப்படவில்லை. எட்டோடு ஏழைச் சேர்த்துக் காலைத் தராசில் ஊன்றினார். முள் பதினைந்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். எப்போதும் பதினைந்துதான், இம்மி பிசகவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கூச்சத்தில் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

புரட்டாதியில் மறுபடி கண்டிக்குப் போனோம். டொக்டர் முதலில் அக்காவை எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் கேள்வி கேட்டார்: காலில் எவ்வளவு நிறை கொடுத்துப் பழகுகிறார்? கேள்வியை மொழிபெயர்க்கும் முன் பதிலை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஆனால் நாங்கள் திருப்பிக் கொண்டுபோன தராசை டொக்டர் காட்டிய விதத்திலேயே அக்காவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். பதினைந்து என்று அல்லவா சொன்னேன், ஏன் எட்டு?

கழிவு என்பதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. "டொக்டர், இவரிடமிருந்து எப்போதும் எதையாவது கழித்துக்கொள்வார்கள்" என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். நான் தத்துவம் பேசுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிறகு கூடை, ஈரம், மூன்று தடவை, றோலண்ட், சீனி எல்லாவற்றையும் வரிசையில்லாமல் கொட்டினேன். நான் ஆங்கிலத்தில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. டொக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, இருபத்திரண்டு எத்தனை நாள் நடந்தது என்று கேட்டார். சொன்னேன். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படம் எடுத்துவிட்டு வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

"தொர ஏன் சிரிச்சிட்டு மூஞ்சியச் சுருக்கினாரு?" என்றார் அக்கா.

எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. டொக்டர் உண்மையிலேயே கழிக்கவில்லை என்பதையும், எட்டு என்றது என் வேலை என்பதையும் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீயும் கழிச்சுத்தான் சொல்லியிருக்க."

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா."

"றோலண்டு ஐயாவும் அதத்தான் சொல்வாரு. டீச்சர் வேலைக்கு ஏன்டி காத்துக் கெடக்குற? நேரா கணக்கப்பிள்ளை வேலைக்கே எழுதிப் போடு."

அதுவரை என்னை 'ங்க' போட்டுப் பேசியவர். அந்த 'டி' எனக்கு நியாயமாகவே பட்டது.

பிறகு, "தண்டு ஆடியிருந்தா?" என்றார்.

"கழற்றிட்டு வேற வைக்கணுமாம்."

"தீவாளிக்குள்ள ஆகுமா?"

"ஆகாது அக்கா."

அவர் அதற்குப்பிறகு பேசவில்லை. காளியாயி அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊன்றுகோல் இரண்டையும் மடியில் குறுக்கே வைத்து, வருவோர் போவோர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டார்கள். டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக மாட்டி, ஒரு பென்சிலால் தண்டின் ஓரமாகவே மேலிருந்து கீழாக வந்தார். ஒருமுறை வந்து, மறுபடியும் மேலே போய் ஆரம்பித்தார். பிறகு திரும்பி, மெதுவாகச் சொன்னார். தண்டு தளர்ந்திருந்தால் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இதில் கோடு இல்லை. தண்டு இடம் மாறவும் இல்லை. கண்ணாடியோடு எலும்பு ஒட்டிவிட்டதா என்பதைப் படத்தை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் ஒட்டாததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு கிலோவைத் தாங்கியது அதிர்ஷ்டமா கண்ணாடியா என்பதும் தனக்குத் தெரியாது என்றார்.

"என்னா சொல்றாரு?"

"ஆடல அக்கா. ஒரு கோடுகூட இல்லையாம்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு மாதத்தில் முழு நிறையையும் ஊன்றலாம் என்று டொக்டர் சொன்னார். அதையும் சொன்னேன்.

"முழுசுன்னா? கழிச்சா, கழிக்காமலா?"

"முழுசுல கழிவு ஏது அக்கா?"

"ஒன்கிட்ட கேக்கல. தொரகிட்ட கேளு."

கேட்டேன். டொக்டர் எழுந்து வந்து, அக்காவுக்கு எதிரில் நின்று, இரண்டு கைகளையும் தலையிலிருந்து கால்வரை இறக்கிக் காட்டினார். அத்தனையும், ஒன்றும் கழிக்காமல். அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். மலையில் கொழுந்து பறிக்க ஒரு வருடத்துக்கு விடக்கூடாது என்பதையும் டொக்டர் சொன்னார். அதை அப்பாவைக்கொண்டு சொல்லவைத்தேன். என் வாயிலிருந்து வரும் எந்த அளவையும் அக்கா நம்புகிற நிலையில் இல்லை.

தீபாவளி கழிந்த மறுநாள் பெரட்டுக்கு அக்கா ஒரு கைத்தடியோடு போனார். அவருடைய கொழுந்து நிரையை இளம் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அக்காவை நாற்றுமேடையில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போட்டார்கள். அது சமதரை. போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "மண்ணு அள்ளுறதுக்கா எனக்குக் கண்ணாடிக் காலு?" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தியில் நான் டிஸ்பென்சரி வாசலில் நின்றேன். கீழே நாற்றுமேடையடியில் றோலண்ட், காலையில் பிந்தி வந்ததற்காக அக்காவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் வேலைதான், போட முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எது அரப்பேரு? சங்கு ஊதுறப்ப நான் படிக்கட்டுல நிக்கல? ஊர்ல எல்லாரும் பாத்தாங்களே!"

"படிக்கட்டு பெரட்டுக் களமாம்மா? வருத்தக்காரின்னு பாக்குறேன், இல்லாட்டி அதுவும் இல்ல."

"யாரு வருத்தக்காரி? பேரு போட்டா முழுப்பேரு போடு. இல்லாட்டி நாளைக்கி தொர பங்களாவுக்கு நடந்தே போறேன். போவேனா மாட்டேனா?"

போவேனா என்றபோது ஒருதரம், மாட்டேனா என்றபோது இன்னொரு தரம், கைத்தடியைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். இடது கால். "மெதுவா அக்கா" என்று கத்தினேன். என் கத்தல் எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவுக்கே கேட்கவில்லை.

றோலண்ட் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுப்பேர் போட்டார்.